நாலு விளக்குக்கு விலைபோனவன்

மார்ச் 14, 2023 – செவ்வாய்

வலது முட்டி இன்றைக்கும் மக்கர். மெக்சிகோவில் அதை அறுத்துத் தைத்த மருத்துவர் பத்து வருடம் தாங்கும் என்றார். இருபத்தெட்டு வருடம் ஆயிற்று. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் குறை சொல்லாத ஆட்கள் ரொம்பக் குறைவு, அவர்களில் ஒருவரும் இந்தப் பேட்டையில் இல்லை.

பதினொரு மணிக்குக் கதவைத் தட்டியது எபெர் பிசானோ. மருந்துக்கடைக்காரன். இப்போது ஸ்போர்திவோ பர்ராக்கா கால்பந்து கிளப்பின் தலைவர் வேறு. படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே இலைத் தேநீர்க் குடுவை. பேசிக்கொண்டே தானே உறிஞ்சினான், எனக்கு ஒரு வாய் நீட்டவில்லை. அதற்குப் பதில் வாசலில் காறித் துப்பியிருந்தால் கூட மரியாதையாக இருந்திருக்கும்.

"ஆகஸ்ட் இருபது கிளப்புக்கு நூறு வயசு ஆகுது, டெச்செரா. முதல் பந்தை நீங்க உதைச்சுத் தொடங்கி வைக்கணும்னு கமிட்டி நினைக்குது."

"கமிட்டி நினைக்குதா, நீ நினைக்கிறியா?"

"நான் நினைக்கலை. நம்ம மைதானத்துலேருந்து நாட்டு அணிக்குப் போனது நீங்க ஒருத்தர்தான். வேற ஆள் இருந்தா இங்க வந்திருக்க மாட்டேன்."

உண்மையைப் பேசுகிறான், பிழைத்துப் போகட்டும் என்று நினைத்தேன். அதற்குள் வந்தது பாருங்கள்.

"ஒரே ஒரு நிபந்தனை. மைக்கைப் புடிச்சு, தொண்ணூத்தேழுக்கு மன்னிப்புக் கேக்கணும்."

கதவைச் சாத்தினேன். அவன் மாத்தே உறிஞ்சுகிற குழல் கதவில் இடித்த சத்தம் கேட்டது. அது ஒன்றுதான் இன்றைய நாளின் நல்ல சேதி.

மார்ச் 15

கோபம் இறங்கவில்லை. எழுதினால் இறங்குமா பார்க்கிறேன்.

மன்னிப்பா? யார் யாரிடம் கேட்பது?

1981. எனக்குப் பதினெட்டு. தலைநகர் கிளப் ஒன்று என்னைக் கேட்டது. கையில் பணம் இல்லை, மைதானத்துக்கு நாலு விளக்குக் கம்பம் தருகிறோம், பையனைக் கொடுங்கள் என்றார்கள். பர்ராக்கா கொடுத்தது. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கு இருபத்தொன்று ஆகாததால், காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது என் கூடப் பிறந்தவன் ஆர்தேமியோ. என்னைவிட ஆறு வயது மூத்தவன். ஊரில் மின்சார வேலை, மைதானத்தில் புல் பார்க்கிற வேலை. கம்பம் என்றால் அவனுக்குக் கசக்குமா? தம்பியைக் கொடுத்து வெளிச்சம் வாங்கிக்கொண்டான்.

நான் இதை மறைக்கவில்லை. பார்த்த பத்திரிகைக்காரர்களிடம் எல்லாம் சொன்னேன். தலைநகரில் எட்டு வருடம், கொலம்பியாவில் நாலு, மெக்சிகோவில் மூன்று. போன இடமெல்லாம் எனக்கு ஒரே பெயர்தான்: நாலு விளக்கு. "நாலு விளக்கு டெச்செரா பந்தை எடுத்துவிட்டார்" என்று வானொலியில் கத்துவார்கள். ஒருவன் ஒரு ஜோடி காலணிக்குப் போனான், ஒருவன் இரண்டு பசுவுக்குப் போனான். நான் நாலு கம்பத்துக்கு. ஒரு பேட்டைக்கே வெளிச்சம். அவமானம்தான், ஆனால் பெரிய அவமானம். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு ஓடினேன்.

முப்பத்து நாலு வயதில் கெட்டுப்போன முட்டியோடு ஊர் திரும்பினேன். பர்ராக்காவிலிருந்து ஒரு நாய்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எஸ்தாசியோன் கிளப்காரர்கள்தான் சட்டையோடு வந்தார்கள். போட்டுக்கொண்டேன். 1997 இறுதி ஆட்டம் பர்ராக்கா மைதானத்தில். எண்பத்தெட்டாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. கோல் அடித்தேன்.

வளர்த்த கிளப்புக்கு எதிராகக் கோல் அடித்தால் கத்தக் கூடாது. தலையைக் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் காட்ட வேண்டும். இங்கே பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும்.

நான் கம்பி வேலி வரை ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்தேமியோ நின்றான். அவன் மூஞ்சிக்கு நேராகக் கத்தினேன். "நாலு விளக்கு! நாலு விளக்கு!" மேலே அதே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

கேட்கட்டும், மன்னிப்பு. நாக்கு அழுகிப்போகும் எனக்கு.

மார்ச் 29

மாதக் கடைசி, இருபத்தொன்பது. நாடே ஞோக்கி என்கிற உருளைக்கிழங்கு உருண்டை தின்கிற நாள். எதிர்வீட்டு நிபியா அக்கா வழக்கம்போல இரண்டு தட்டு கொண்டுவந்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அடுத்த வீட்டுக்காரனுக்கு.

அடுத்த வீடு என்றால் அம்மா விட்டுப்போன வீட்டின் மறுபாதி. அந்த இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அவன் செங்கல் இறக்கி முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பிவிட்டான். மார்பு உயரம். அதற்கு மேல் கட்டச் செங்கல் போதவில்லையோ என்னவோ. இருபத்தாறு வருடமாக அவன் தலை அந்தச் சுவருக்கு மேல் போகிறது, வருகிறது. ஒரு சொல் கிடையாது.

"உங்க அண்ணனுக்கு இந்த வாரம் மூச்சு வாங்குது" என்றாள்.

"அடுத்த வீட்டுக்காரன்னு சொல்லுங்கக்கா."

"சரி. அடுத்த வீட்டுக்காரனுக்கு மூச்சு வாங்குது. வேலையும் ஜாஸ்தி. நகராட்சி புது விளக்கு போடுதாம். பழைய கம்பம் நாலையும் புடுங்கி இரும்புக் கடைக்குப் போடப் போறாங்க."

இரும்புக் கடைக்கா? என்னையா?

ஞோக்கி அப்படியே ஆறிப்போனது.

மார்ச் 30

கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். நாலில் ஒரு கம்பம் எனக்கு வேண்டும். கிளப் வாசலில் நட வேண்டும். அதில் ஒரு தகடு: "இந்தக் கம்பத்துக்காக வில்மார் டெச்செரா கொடுக்கப்பட்டார்." மன்னிப்பு எல்லாம் அப்புறம். முதலில் நீங்கள் செய்ததை நீங்கள் எழுதி வையுங்கள்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பேரப்பிள்ளை இல்லை, கோப்பைகளை மெக்சிகோவில் விட்டுவிட்டு வந்தேன். நான் ஓடினதற்கு இந்த ஊரில் ஒரு சாட்சி வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 11

பதில் இல்லை.

ஏப்ரல் 18

பதில் வந்தது. வாசல் சுவரில், "துரோகி" என்று. இந்த முறை சிவப்புச் சாயம். கருப்பைவிட எடுப்பாகத்தான் இருக்கிறது. வெள்ளையடிக்கப் போவதில்லை.

மே 7, ஞாயிறு

கிளப் பொதுக்கூட்டம். போனேன். இருபத்தாறு வருடம் கழித்து அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கிறேன். சோரிசோ இறைச்சிக் குழல் சுடும் புகை, ஈரக் கம்பளி நாற்றம், அதே நாற்காலிகள். அறுபது பேர் இருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. உட்கார இடம் இருந்தது, யாரும் காட்டவில்லை. நின்றேன்.

எபெர் என் கடிதத்தைப் படித்தான். மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. "நீங்க எல்லாரும் வேலை முடிஞ்சு வந்து அந்த வெளிச்சத்துல ஆடினீங்க, உங்க பிள்ளைங்க ஆடினாங்க. அந்த வெளிச்சம் நான். நாலு கம்பம், நாலும் நான். மறுக்க முடியுமா உங்களால?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று தயாராக வந்திருந்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சோரிசோ சுடுகிற காச்சோ மட்டும் எழுந்தான். எண்பது வயசு, அடக்கமே கிடையாது.

"நாலா? டேய் வில்மாரு, நீ—"

"காச்சோ. வாயை மூடு."

பின் வரிசையிலிருந்து வந்த குரல். அடுத்த வீட்டுக்காரன் குரல். வயதாகிவிட்டது குரலுக்கு. காச்சோ உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவனே எழுந்து, என் பக்கம் திரும்பாமல், எபெரைப் பார்த்துச் சொன்னான்: "கேக்குறான்னா ஒண்ணைக் குடுத்துத் தொலைங்க. இரும்புதானே."

கை தூக்கினார்கள். அவன் சொன்னதால் தூக்கினார்கள், எனக்காக இல்லை. கம்பம் ஒன்று எனக்கு. கழற்றுகிற அன்றைக்கு வந்து பொறுக்கிக்கொள்ள வேண்டுமாம்.

ஜெயித்துவிட்டேன். அப்புறம் ஏன் பிச்சை வாங்கின மாதிரி இருக்கிறது? இரும்புதானே என்கிறான். என்னை விற்றவன் என்னை இரும்பு என்கிறான்.

மே 29

ஞோக்கி. தக்காளிச் சாறு கொஞ்சம் புளிப்பு. நிபியா அக்காவிடம், காச்சோ என்ன சொல்ல வந்தான் என்று கேட்டேன். அடுப்பில் என்னமோ வைத்துவிட்டு வந்தேன் என்று ஓடிவிட்டாள். அவள் அடுப்பு எரியவே இல்லை, புகைபோக்கி என் ஜன்னலுக்கு எதிரேதான் இருக்கிறது.

ஜூன் 13, செவ்வாய்

மைதானத்துக்குப் போனேன். குளிர். 

நாலு கம்பத்தையும் இறக்கிப் புல்லில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். நாலும் ஒரே சாம்பல் சாயம். அடுத்த வீட்டுக்காரன் அந்தக் கோடியில் கேஸ் கட்டர் வைத்து ஆணிகளை அறுத்துக்கொண்டிருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. வடக்குப் பக்கத்துக் கம்பங்கள் இரண்டும் உருண்டை, மேலே போகப்போகச் சிறுத்தவை. அடியில் தலைநகர்த் துறைமுகத்தின் முத்திரை, வரிசை எண். சாயத்தைச் சுரண்டினேன், நன்றாகவே தெரிந்தது. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. என் விலை. தடவிப் பார்த்தேன்.

அடுத்ததுக்குப் போனேன். அது உருண்டை இல்லை.

தெற்குப் பக்கத்துக் கம்பங்கள் இரண்டும் ஒட்டுப்போட்டவை. மூடிக்கிடக்கும் இறைச்சி ஆலையில் மாட்டுத் தொடைகளைத் தொங்கவிட்டுத் தள்ளுவார்களே, அந்தத் தண்டவாளம். மூன்று மூன்றாகச் சேர்த்து, சாண் சாணாக வெல்டிங் வைத்திருக்கிறது. நேரான வெல்டிங் கூட இல்லை. கற்றுக்குட்டி வேலை. முத்திரை இல்லை, எண் இல்லை. தொண்ணூற்றேழில் இதே மைதானத்தில் ஓடினேனே, எப்படிப் பார்க்காமல் போனேன்? தெற்குப் பக்கம் முழுக்க மரம். யார் கம்பத்தின் அடியைப் பார்க்கிறார்கள்? எல்லாரும் விளக்கைத்தான் பார்க்கிறோம்.

கிரேன்காரன் கேட்டான், "எது சார் வேணும் உங்களுக்கு?"

கையில் ஒட்டிய சாயத் தூளைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதே நாள், மாலை

நிபியா அக்கா வீட்டுக்கு நேரே போனேன். அடுப்பு எரிகிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. "எத்தனை கம்பம் வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"லாரியில ரெண்டு வந்துச்சு. மத்த ரெண்டு அடுத்த மாசம்னாங்க. அந்த அடுத்த மாசம் வரவே இல்லை."

"யாரும் போய்க் கேக்கலையா?"

"கேட்டா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம். நீ அதுக்குள்ள வானொலியில நாலு விளக்குன்னு சொல்லிட்டே. கிளப்ல எல்லாரும் உக்காந்து கேட்டோம். ஒரே சிரிப்பு, பெருமை. உங்க அண்ணன் மட்டும் சிரிக்கலை. எழுந்து, அப்ப நாலு நட்டுத்தான் ஆகணும்னான்."

இந்த முறை நான் அவளைத் திருத்தவில்லை.

"வெல்டிங் தெரியாது அவனுக்கு. கத்துக்கிட்டான். நாலாவது கம்பத்துல ஏறும்போது விழுந்து கை ஒடிஞ்சுது."

"குளிக்கிற இடத்துல வழுக்கிடுச்சுன்னு எனக்கு எழுதினான்."

"அப்படித்தான் எழுதுவேன்னு எங்ககிட்டயும் சொன்னான்."

"ஊருக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"தொண்ணூத்தேழுல? நான் வேலியில நின்னு கத்தினப்ப?"

"தெரியும் தம்பி. நீ நாலு நாலுன்னு கத்துற. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், போடா ரெண்டுன்னு சொல்ல. உங்க அண்ணன் அவர் சட்டையைப் புடிச்சுட்டான். அன்னிக்கு ராத்திரியே கிளப்ல சொன்னான். அவனை என்ன வேணா திட்டுங்க, சுவத்துல எழுதுங்க, கல்லை விட்டு எறிங்க. இதை மட்டும் எவனும் சொல்லக் கூடாதுன்னான்."

ஜூன் 14

ரெண்டு.

ஜூன் 19

இருபத்தாறு வருடம் என் சுவரில் சாயம் அடித்தார்கள். துரோகி, கூலிக்காரன், நொண்டி, தண்டவாளத்து நாய். எல்லாம் எழுதினார்கள். இரண்டு என்ற ஒரு சொல் போதும், நான் செத்திருப்பேன். ஒருத்தனும் எழுதவில்லை.

இதுக்குப் பேர் என்ன? இரக்கமா? என் மேலயா? இவனுங்க யாரு என் மேல இரக்கப்பட? நான் ஒரு கிறுக்கன் மாதிரி நாடு நாடா நாலு நாலுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், இங்க உக்காந்துக்கிட்டு எல்லாரும் தரையைப் பாத்திருக்கானுங்க.

திட்டு வாங்குவதற்கு நான் பழகியவன். இதற்குப் பழக்கம் இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

அவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். சுவருக்குப் போய் நின்றேன். காலையிலிருந்து மனதில் ஒத்திகை பார்த்தது எல்லாம் போயிற்று.

"ரெண்டுன்னு ஏன்டா சொல்லலை?"

மூத்தவனை டா போட்டேன். அவன் சட்டையை உதறினான். கிளிப் போட்டான். அடுத்த சட்டையை எடுத்தான்.

"நிபியாவுக்கு வாய் நிக்காது" என்றான், சட்டையிடம்.

"என்னைப் பாத்துப் பேசு."

பார்த்தான். கண்ணுக்குக் கீழே அப்பாவின் பை அப்படியே விழுந்திருக்கிறது.

"பதினெட்டு வயசுல நாலு விளக்குன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு பஸ் ஏறினே. நாலு பேரு ஆட்டத்தை ஒருத்தனா ஆடினே. ரெண்டுன்னு எழுதிப் போட்டிருந்தா அந்தக் காலு ஓடியிருக்குமா?"

"சரி, அப்ப சொல்ல வேணாம். தொண்ணூத்தேழுல சொல்லியிருக்கலாமே? என் மூஞ்சியில துப்புற மாதிரி?"

"துப்பணும்னுதான் இருந்துச்சு" என்றான். "சுவரு கட்டிட்டேன்."

 கடைசிச் சட்டையையும் கொடியில் போட்டுவிட்டு அவனே சொன்னான்.

"நீ கத்தினது எனக்கு ஆறிப்போச்சுன்னு நினைக்காத. ஆறலை. அதுக்கு மன்னிப்பெல்லாம் கிடையாது."

"நான் கேக்கலையே."

"கேக்காத."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வாசற்படியில் மூச்சு வாங்க ஒரு நிமிடம் நின்றான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நிமிர்ந்துகொண்டு போனான். திமிர். எங்கள் அம்மாவின் திமிர்.

ஜூலை 18

மருந்துக்கடைக்கே போனேன். முட்டிக்குத் தைலம் வாங்கினேன், வாங்கும்போதே சொன்னேன்: "கம்பம் எனக்கு வேண்டாம். ஆகஸ்ட் இருபது வர்றேன். மைக் புடிக்க மாட்டேன்."

"மன்னிப்பு?"

"தைலத்துக்குச் சீட்டுப் போடு, எபெர்."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்த மாத்தேயில் வெந்நீர் ஊற்றினான். அவனே குடித்தான். ஆனால் எனக்கும் நீட்டலாமா என்று யோசித்தான், அது தெரிந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நல்ல வெயில். பட்டப்பகலில் புது விளக்குகளை எரியவிட்டிருந்தார்கள், நகராட்சிக்காரர்கள் படம் எடுக்க. பேட்டை முழுக்க வந்திருந்தது. என் பெயரைச் சொன்னதும் விசில். வாழ்த்து விசில் இல்லை, இந்த ஊரில் ஆளை விரட்ட அடிக்கிற விசில்.

நடுவட்டம் வரை நடந்தேன். பந்து இருந்தது. உதைக்கவில்லை. தாண்டி நடந்தேன், தெற்கு வேலி வரை. நான் அன்றைக்கு ஓடிய அதே இடம். அன்றைக்கு எட்டு நொடி ஆகியிருக்கும், இன்றைக்கு ஒரு யுகம் ஆனது. வேலியில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள், மறுபடியும் கத்தப் போகிறான் என்று.

தலையைக் குனிந்தேன். இரண்டு கையையும் தூக்கி உள்ளங்கையைக் காட்டினேன்.

விசில் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு முன்னைவிடப் பலமாக அடித்தார்கள். காச்சோவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "இருபத்தாறு வருஷம் லேட்டுடா, நாலு விளக்கு!"

நாலு என்றுதான் சொன்னான்.

திரும்பிப் போய்ப் பந்தை உதைத்தேன். கோணலாகப் போனது. கோட்டோரம் சுண்ணாம்பு வண்டியோடு நின்ற ஆர்தேமியோ என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து புது விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், ரொம்ப நேரம். வெயிலில் விளக்கில் என்ன தெரியும்?

ஆகஸ்ட் 29

நிபியா அக்கா ஒரே தட்டு கொண்டுவந்தாள். பெரிய தட்டு. சுவர் மேல் வைத்தாள், இரண்டு முள்கரண்டி போட்டாள். "ரெண்டு தட்டு கழுவ எனக்கு வயசாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். யார் முதலில் எடுப்பது என்று ஞோக்கி ஆறிக்கொண்டிருந்தது. அப்போது தொலைபேசி அடித்தது. தலைநகரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரன். விழாப் படம் பார்த்தானாம், அந்த நாலு விளக்குக் கதையை மறுபடியும் சொல்ல முடியுமா என்றான்.

"நாலு இல்லை. ரெண்டு" என்றேன்.

"எல்லா இடத்துலயும் நாலுன்னுதான் சார் எழுதியிருக்கு."

"நான் சொன்னதை எழுதினாங்க. எனக்கு ரெண்டுதான் குடுத்தாங்க. மிச்சம் ரெண்டு—"

"நாலுன்னே சொல்லித் தொலைடா" என்றது சுவருக்கு அந்தப் பக்கம், வாய் நிறைய ஞோக்கியோடு.

தொலைபேசியை வைத்துவிட்டுப் பார்த்தால் பாதித் தட்டு காலி. சண்டை போட்டேன். உப்புக் கம்மி, அதனால்தான் இவ்வளவாவது மிச்சம் வைத்தேன் என்றான் அண்ணன்.